தோலுக்கு அடியில் கட்டிகள்: மறுபடி பயாப்ஸி ஏன்?

கேள்வி: என் தங்கைக்கு வயது 27. எட்டு மாதமாகத் தொடையிலும் கையிலும் தோலுக்கு அடியில் கட்டிகள், மாலையில் காய்ச்சல். பஞ்ச் பயாப்ஸியில் 'கொழுப்பு அழற்சி' என்று வந்தது. ஸ்டீராய்டு மாத்திரையைக் குறைத்தால் கட்டிகள் திரும்பி வருகின்றன. இப்போது லிம்போமா சந்தேகம் என்று மறுபடி பயாப்ஸி கேட்கிறார்கள். முதலிலேயே ஏன் தெரியவில்லை?

பதில்: தயங்காமல் சம்மதியுங்கள். டாக்டர் சந்தேகப்படுவது தோலடிக் கொழுப்பிலேயே வளரும் அரிய டி-செல் லிம்போமா, அதாவது டி-செல் எனும் நோய் எதிர்ப்பு வெள்ளணுவில் வரும் புற்றுநோய். மேலே உள்ள தோல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். 4 மில்லிமீட்டர் வட்டக் கத்தியால் எடுக்கும் பஞ்சில் அந்தத் தோல்தான் முழுதாக வரும். கொழுப்பு துளி ஒட்டிக்கொண்டு வரும், பல நேரம் அதுவும் கழன்று குழிக்குள்ளேயே நின்றுவிடும். நோய் இருக்கும் இடம் ஸ்லைடுக்கே வராதபோது, பார்ப்பவர் என்ன சொல்ல முடியும்?

இந்த முறை கத்தியால் கீறி, கொழுப்பின் ஆழம்வரை எடுக்க வேண்டும். புதிதாக எழும்பிய, புண்ணாகாத கட்டியாக இருக்கட்டும். பழைய கட்டியின் நடுவில் செத்த கொழுப்புதான் கிடைக்கும். ஒரு துண்டு ஃபார்மலினில் போடாமல் காசநோய், பூஞ்சை கல்ச்சருக்குப் போகட்டும். ஸ்டீராய்டு லிம்போமா செல்களையும் அமுக்கி முடிவை மழுப்பிவிடும். அதை எப்போது, எவ்வளவு குறைப்பது என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

நுண்ணோக்கியில், ஒவ்வொரு கொழுப்பு செல்லின் விளிம்பிலும் வளையலில் கல் பதித்தாற்போல் லிம்போசைட்டுகள் எனும் வெள்ளணுக்கள் வரிசையாக ஒட்டியிருக்கும். ஆனால் லூபஸ் (நோய் எதிர்ப்பு சக்தி சொந்த உடலையே தாக்கும் நோய்) கொழுப்பு அழற்சியிலும் இது ஓரளவு தெரியலாம். அனுபவசாலிகளே தடுமாறும் இடம் இது. செல்களின் புரதங்களைச் சாயமிட்டுப் பார்க்கும் சோதனையில் சிடி8, டிஐஏ-1, பீட்டா எஃப்1 பாசிட்டிவ், சிடி4, சிடி56 நெகட்டிவ், அந்த வளையத்தில் செல் பெருக்கத்தைக் காட்டும் கேஐ-67 அதிகம் என்றால் லிம்போமா பக்கம் சாயும். பிளாஸ்மா செல், பி-செல் எனும் வேறு வெள்ளணுக்கள் திரளாக நிறைய இருந்தால் லூபஸ் பக்கம். காமா-டெல்டா வகை டி-செல் என்று வந்தால் அது வேறு நோய். வேகமும் சிகிச்சையும் வேறு. டி-செல்கள் ஒரே செல்லிலிருந்து பெருகியவையா என்று பார்க்கும் மரபணு மறுசீரமைப்புச் சோதனை துணைக்கு உதவும். அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

கூடவே ரத்த அணுக்கள், ஃபெரிட்டின் (இரும்பைச் சேமிக்கும் புரதம்), ட்ரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பு), ஃபைப்ரினோஜன் (ரத்தம் உறைய உதவும் புரதம்), கல்லீரல் சோதனை, பெட் ஸ்கேன் ஆகியவையும் வேண்டும். விடாத காய்ச்சலோடு பிளேட்லெட் இறங்கி ஃபெரிட்டின் ஆயிரக்கணக்கில் ஏறினால், நோய் எதிர்ப்பு செல்கள் கட்டுமீறி உடலையே தாக்குகின்றன என்று சந்தேகிக்க வேண்டும். அன்றே அட்மிட் ஆகுங்கள். இந்தச் சிக்கல் இல்லாதவர்களில் பலருக்கு ஸ்டீராய்டு, சைக்ளோஸ்போரின் போன்றவையே நோயைக் கட்டுப்படுத்துகின்றன. எடுத்த எடுப்பில் கடுமையான கீமோ தேவைப்படுவதில்லை.

சிலருக்கு ஹெச்ஏவிசிஆர்2 மரபணுவின் இரு பிரதிகளிலும் பிறவிக் குறை இருப்பது 2018-இல் தெரியவந்தது. நோய் உறுதியானால் இந்தச் சோதனை பற்றியும் கேளுங்கள்.

ரிப்போர்ட் தாளோடு நின்றுவிடாமல் முதல் பயாப்ஸித் துண்டைப் பதித்து வைத்த பழைய மெழுகு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் லேபில் கேட்டு வாங்கி, தோல் லிம்போமா பார்த்துப் பழகிய நோயியல் நிபுணரிடம் புதிய துண்டோடு சேர்த்துக் கொடுங்கள்.