கந்தகத் துகள்களும் வெயிலும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

புவிப் பொறியியல் பற்றி அண்மையில் படித்தேன். வானில் வெகு உயரத்தில் கந்தகத் துகள்களைத் தூவி, வெயிலில் ஒரு சிறு பங்கைத் திருப்பி அனுப்பிவிட்டால் பூமி குளிரும், செலவும் குறைவு என்கிறார்கள். ஆண்டுதோறும் மாநாடு கூடியும் கரியமில வாயு குறைந்தபாடில்லை. கையில் ஒரு வழி இருக்கும்போது ஏன் தயங்க வேண்டும்?

க.

அன்புள்ள க.,

உங்கள் சலிப்பு நியாயமானது. ஓசோன் ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற பால் குருட்சன் 2006இல் இந்த யோசனையை விவாதத்துக்குக் கொண்டுவந்ததும் இதே மனநிலையில்தான்.

துகள்கள் பூமியைக் குளிர்விக்கும், அதில் ஐயமில்லை. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை வெடித்தபோது சுமார் ஒன்றரைக் கோடி டன் கந்தக டையாக்சைடு, மேகங்களுக்கும் மேலே உள்ள அடுக்கு மண்டலத்துக்குப் போனது. அங்கே அது கந்தக அமில நுண்துளிகளாகி உலகெங்கும் பரவியது. மறு ஆண்டு உலகச் சராசரி வெப்பநிலை அரை டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கியது. இத்திட்டத்தை ஆதரிப்பவர்கள் எல்லோரும் இந்த எரிமலையைத்தான் சான்றாகக் காட்டுகிறார்கள். அதே காலத்தில் நிலப்பரப்பில் மழை குறைந்ததையும், ஓசோன் படலம் மெலிந்ததையும் அவர்கள் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். வெயில் குறைந்தால் நீர் ஆவியாவதும் குறையும். எந்த நாட்டில் மழை பொய்க்கும் என்று இன்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

என்னை அதிகம் அச்சுறுத்துவது வேறொன்று. துகள்கள் ஓரிரு ஆண்டுகளில் கீழே இறங்கிவிடும். கரியமில வாயுவோ பல நூற்றாண்டுகள் தங்கும். ஆகவே ஆண்டு தவறாமல் தூவிக்கொண்டே இருக்க வேண்டும். புகையையும் குறைக்காமல் ஐம்பது ஆண்டுகள் இப்படி ஓட்டிவிட்டு, ஒரு போராலோ பொருளாதாரச் சரிவாலோ துகள் தூவும் விமானங்கள் நின்றுபோனால், அதுவரை மறைத்து வைத்த வெப்பத்தில் பெரும்பகுதி பத்து இருபது ஆண்டுகளுக்குள் வந்து இறங்கும். அந்த வேகத்துக்குப் பயிர்களும் காடுகளும் ஈடுகொடுக்க முடியாது. இந்தக் குடையின் கீழ் கடலுக்கும் பாதுகாப்பில்லை: கரியமில வாயுவை உறிஞ்சி அது அமிலமாகிக்கொண்டே போகும், பவளப்பாறைகள் அழியும்.

செலவு குறைவு என்பதை நீங்கள் நன்மையாகச் சொல்கிறீர்கள். எனக்கு அதுதான் ஆபத்தாகப் படுகிறது. ஓர் அமெரிக்க நிறுவனம் யாரிடமும் அனுமதி கேட்காமல் மெக்சிகோவிலிருந்து கந்தக டையாக்சைடு நிரப்பிய பலூன்களைப் பறக்கவிட்டது. அளவு மிகச் சிறியது என்றாலும், 2023 ஜனவரியில் இத்தகைய சோதனைகளுக்குத் தடை விதிக்கப்போவதாக மெக்சிகோ அரசு அறிவித்தது. நாளை ஒரு பணக்கார நாடு தனியாகவே இதைச் செய்யத் துணிந்தால், மழை இழந்த நாட்டு விவசாயி யாரிடம் போய் முறையிடுவார்?

ஆய்வு வேண்டும் என்பதே என் கருத்து. அது பொதுப் பணத்தில், முடிவுகளை ஒளிக்காமல் நடக்க வேண்டும். தூவும் வேலையை உலக நாடுகள் கூடி ஒப்புக்கொள்ளாமல் எவரும் தொடங்கக் கூடாது. ஆய்வு நடக்கிறது என்று சொல்லி ஒரே ஒரு நிலக்கரி அனல்மின் நிலையத்தின் ஆயுளை நீட்டித்தாலும் நான் அதை எதிர்ப்பேன்.