ஆங்கிலத்தில் 'வில்', 'கேன்' போன்றவற்றுக்கும் வினைச்சொல்லுக்கும் நடுவே அட்வெர்ப் (வினையடை, 'டெஃபனட்லி', 'ரியலி' மாதிரிச் சொல்) வரலாமா?

வரலாமா என்று கேட்டால், பெரும்பாலும் அங்கேதான் வர வேண்டும் என்பேன். பையருக்கு (சரக்கு வாங்குபவருக்கு) எழுதியதாக நீங்கள் கொடுத்திருக்கும் "வி வில் டெஃபனட்லி ஷிப் த கூட்ஸ் ஆன் ஃப்ரைடே" முழுக்கச் சரி. வில்லையும் ஷிப்பையும் பிரிக்கக் கூடாது என்று சொல்லி உங்கள் மேனேஜர் அதை "வி டெஃபனட்லி வில் ஷிப்" என்று மாற்றினாராம். அதைத் தப்பென்று சொல்ல முடியாது, ஆனால் தேவையில்லாத திருத்தம். அப்படி எழுதினால், அனுப்ப மாட்டீர்கள் என்று யாரோ சந்தேகப்பட்டதற்குக் குரலை உயர்த்தி "அட, அனுப்பத்தான் போறமுங்க" என்று பதில் சொல்கிற தொனி வந்துவிடும்.

நானும் திருப்பூரில் மெர்ச்சண்டைசிங் (பையரிடம் பேசி ஆர்டரை முடித்து அனுப்பும் வேலை) பக்கம் இருப்பவன்தான். இந்த 'பிரிக்கக் கூடாது' விதியை இங்கே பல ஆபீஸ்களில் பார்த்திருக்கிறேன், சீனியர் ஒருவர் சொல்லிவிட்டால் அப்புறம் வருகிற டிரெய்னிகள் எல்லாருக்கும் அதுவே சட்டமாகிவிடும். இது வேறு ஒரு விதியிலிருந்து கிளைத்தது என்று நினைக்கிறேன். 'டு' என்பதற்கும் அதை அடுத்த வினைக்கும் நடுவே எதையும் நுழைக்காதே என்று 1864-இல் இங்கிலாந்துப் பாதிரியார் ஹென்றி ஆல்ஃபோர்டு போன்றவர்கள் எழுதினார்கள், பள்ளிக்கூடங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. அதுவே வலுவான விதி இல்லை, அதை 'வில்', 'கேன்', 'ஷுட்' வரைக்கும் இழுத்தது இன்னும் மோசம். ஆங்கில வழக்கைப் பற்றி 1926-இல் அகராதியே போட்ட ஃபவுலர், துணைவினைக்கும் ('வில்', 'கேன்' மாதிரிச் சொல்லுக்கும்) வினைக்கும் நடுவே அட்வெர்ப் வருவது இயல்பான இடம்தான், அதற்குப் பயப்படுவது மூடநம்பிக்கை என்கிற மாதிரிதான் சொல்லியிருக்கிறார்.

இதற்கு உலகமே பார்த்த ஒரு உதாரணம் இருக்கிறது. 2009 ஜனவரி 20, ஒபாமா பதவியேற்பு. அமெரிக்க அரசியல் சட்டத்தில் உறுதிமொழியின் வாசகம் "ஐ டூ ஸாலம்லி ஸ்வேர் தட் ஐ வில் ஃபெய்த்ஃபுலி எக்ஸிக்யூட்" என்று போகும். ஒரே வாக்கியத்தில் ரெண்டு இடத்தில் பிரித்திருக்கிறார்கள், கவனியுங்கள். உறுதிமொழியைச் சொல்லிக்கொடுத்த தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ், 'ஃபெய்த்ஃபுலி'யை நடுவில் சொல்லாமல் வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ளிவிட்டார். ஒபாமா பாதியில் நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார், பிறகு அவர் சொன்ன மாதிரியே சொல்லி முடித்தார். எதற்கு வம்பு என்று மறுநாள் வெள்ளை மாளிகையில் இன்னொரு முறை உறுதிமொழி எடுத்தார்கள். நீதிபதியின் மனதில் இந்த 'பிரிக்காதே' பழக்கம் ஊறியிருந்ததுதான் காரணம் என்று மொழியியலாளர் ஸ்டீவன் பிங்கர் எழுதினார். அது அவருடைய ஊகம். எழுதி வைத்திருந்த வாசகம் என்னவோ நடுவில் பிரித்ததுதான்.

இன்னொன்று சொல்லுகிறேன், நம் மொழியிலேயே இது நடக்கிறது. 'போக வேண்டும்', 'போக முடியாது' என்பதற்குள் 'கண்டிப்பாக' என்பதை நுழைக்க மாட்டோம், முன்னால்தான் வைப்போம். ஆனால் 'போகத்தான் வேண்டும்', 'போகவே முடியாது', 'போகவும் கூடாது' என்று நடுவில் ஒட்டிவிடுகிறோம் இல்லையா? அதைப் பிரிப்பு என்று எந்தத் தமிழ் ஐயாவும் அடிக்கவில்லை. அழுத்தம் எங்கே வேண்டுமோ அங்கே ஒட்டுகிறோம், அவ்வளவுதான். ஆங்கிலக்காரன் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான்.

சரி, இனி கவனிக்க வேண்டியதற்கு வருகிறேன். நம் ஆட்களின் உண்மையான தப்பு வேறு இடத்தில் இருக்கிறது: வினைக்கும் அது எதைச் செய்கிறதோ அந்தப் பொருளுக்கும் நடுவில் அட்வெர்பைச் செருகுவது. "வி வில் ஷிப் டெஃபனட்லி த கூட்ஸ்", "யூ ஷுட் செக் கேர்ஃபுலி த மெஷர்மென்ட்ஸ்" என்றெல்லாம் மெயில் போகும். இதுதான் ஆங்கிலக் காதுக்கு உறுத்தும். 'கேர்ஃபுலி' செக்குக்கு முன்னால் வரலாம், இல்லையென்றால் மெஷர்மென்ட்ஸுக்குப் பின்னால் கடைசியில் வரலாம். நடுவில் மட்டும் கூடாது. மேனேஜர் திருத்துவதென்றால் இதைத் திருத்தட்டும்.

அடுத்தது 'நாட்' வரும் வாக்கியங்கள். இங்கேதான் இடம் மாறினால் அர்த்தமே மாறும், காசும் போகும். பையர் ரேட்டைக் குறைக்கச் சொல்கிறார். "வி ரியலி கான்ட் ரெட்யூஸ் த பிரைஸ்" என்று எழுதினால் பேச்சு முடிந்தது, சத்தியமாக முடியாது. "வி கான்ட் ரியலி ரெட்யூஸ் த பிரைஸ்" என்று எழுதினால், குறைப்பது கொஞ்சம் கஷ்டம்தான், பார்க்கலாம் என்கிற இழுவை அதில் கேட்கும், பையர் உடனே பேரத்துக்கு உட்கார்ந்துவிடுவார். நூல் விலை ஏறிக் கிடக்கிற நேரத்தில் இந்த ஒரு சொல்லை இடம் மாற்றி வைத்துவிட்டு அப்புறம் முதலாளிக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம்.

'ப்ராபப்லி'யும் இப்படித்தான். "இட் வில் ப்ராபப்லி ஷ்ரிங்க்" சரி. ஆனால் 'வோன்ட்' வந்தால் அதற்கு முன்னால் போய்விடும்: "இட் ப்ராபப்லி வோன்ட் ஷ்ரிங்க்". 'வோன்ட் ப்ராபப்லி' என்று யாரும் சாதாரணமாகச் சொல்வதில்லை. 'ஒன்லி' பற்றித் தனியாகவே எழுதலாம். இப்போதைக்கு, "வி கேன் ஒன்லி டை (சாயம் போட) ஐநூறு கிலோ" என்றால் அளவு அவ்வளவுதான், "ஒன்லி வி கேன் டை" என்றால் ஊரில் நம்மை விட்டால் டையிங் பட்டறையே இல்லை என்கிற பெருமை.

துணைவினை ரெண்டு மூன்று சேர்ந்து வந்தால் குழம்புகிறதா? காலம், உறுதி, எவ்வளவு அடிக்கடி என்பதைச் சொல்கிற அட்வெர்ப் பொதுவாக முதல் துணைவினையை ஒட்டி வரும். எப்படிச் செய்தது என்பதைச் சொல்வது கடைசி வினையை ஒட்டி வரும். "த கார்ட்டன்ஸ் மஸ்ட் ஆல்வேஸ் பி ப்ராப்பர்லி சீல்ட்": இந்த ஒரு வாக்கியத்தில் ரெண்டுமே இருக்கிறது, 'ஆல்வேஸ்' மஸ்ட்டுக்குப் பக்கத்தில், 'ப்ராப்பர்லி' சீல்டுக்குப் பக்கத்தில். மாற்றிப் போட்டுப் படித்துப் பாருங்கள், உங்களுக்கே இடறும். 'ஆல்ரெடி' கொஞ்சம் தாராளம், "ஷுட் ஆல்ரெடி ஹேவ் பீன் சென்ட்", "ஷுட் ஹேவ் ஆல்ரெடி பீன் சென்ட்" ரெண்டும் ஓடும்.

கேள்வியாகக் கேட்கும்போது நடுவில் ஆள் வந்துவிடுவதால் அட்வெர்ப் ஆளுக்குப் பின்னால் நிற்கும், "கேன் யூ குவிக்லி செக் த லேப் டிப்" (லேப் டிப் என்பது சாயத்துக்கான மாதிரித் துண்டு). 'வில்'லோடு நின்றுவிடும் குட்டிப் பதிலில் பிரிக்க வினையே இல்லாததால் அட்வெர்ப் முன்னால் போகும்: "யெஸ், வி சர்டன்லி வில்". இதைத்தான் சிலர் பார்த்துவிட்டு எல்லா இடத்துக்கும் விதியாக்கிவிடுகிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

வேடிக்கை என்னவென்றால், பிரிக்கவே கூடாது என்று சொல்கிற அதே ஆபீஸ்களில்தான் "த சாம்பிள் மே ப்ளீஸ் பி அப்ரூவ்டு" என்று மெயில் போகும். 'மே'வுக்கும் 'பி'க்கும் நடுவே 'ப்ளீஸ்'! இது நம்மூர் அரசாங்கக் கடித நடையிலிருந்து வந்தது, இங்கே எல்லாருக்கும் புரியும், வெளிநாட்டுக்காரர் ஒரு நொடி விழிப்பார். "ப்ளீஸ் அப்ரூவ் த சாம்பிள்" போதும், "குட் யூ ப்ளீஸ் அப்ரூவ்" இன்னும் மரியாதை.

மேனேஜரிடம் இதையெல்லாம் விவாதம் பண்ணப் போக வேண்டாம், சீசன் நேரத்தில் யாருக்கும் பொறுமை இருக்காது. ஷிப்மென்ட் மெயிலில் 'டெஃபனட்லி'யையே எடுத்துவிட்டு "வி வில் ஷிப் ஆன் ஃப்ரைடே" என்று எழுதி, ஃபார்வர்டரின் (சரக்கை ஏற்றி அனுப்பும் ஏஜென்டின்) புக்கிங் நம்பரைக் கீழே போட்டு அனுப்புங்கள்.