இருக்கும் வீட்டை விற்று வேறு வீடு வாங்கப் போகிறோம். எங்கே அடிபடுவோம்?

கேட்டவரின் நிலைமை இது: இருக்கும் சிறிய வீட்டை விற்று, மீதிக்கு வங்கிக் கடன் வாங்கி, ஏற்கெனவே ஒருவர் குடியிருந்த பெரிய வீட்டை வாங்க வேண்டும். விற்றும் பழக்கமில்லை, வாங்கியும் பழக்கமில்லை. எதை முதலில் செய்வது, எதில் ஏமாறுவோம் என்று கேட்டிருக்கிறார்.

நான் தரகரும் இல்லை, பொறியாளரும் இல்லை. ஒரு வீட்டை வாங்கி அடிபட்டு, 9 வருடம் கழித்து அதே வீட்டை விற்றவன். அந்த அளவுக்குத்தான் என் பேச்சை எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் கேள்விக்குப் பதில் சுலபம்: விற்பதை முதலில் முடியுங்கள். இடையில் சில மாதம் வாடகை வீட்டில் இருக்க நேர்ந்தாலும் பரவாயில்லை. சாமான்களை இரண்டு தடவை ஏற்றி இறக்குவது பெரிய தொல்லைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புது வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, மீதியைக் கட்ட வேண்டிய தேதி நெருங்க நெருங்க, பழைய வீட்டை "வந்த விலைக்குத் தள்ளிவிடலாம்" என்று வீட்டில் பேச்சு எழும் பாருங்கள், அப்போது போகும் பணம் வாடகையைப் போலப் பல மடங்கு. உங்கள் அவசரம் எதிரில் இருப்பவருக்கு எப்படியோ தெரிந்துவிடும்.

இனி வாங்குவதற்கு வருவோம். நாங்கள் வாங்கிய வீட்டை மூன்று முறை போய்ப் பார்த்தோம். மூன்று முறையும் ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல வெயில், ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. படுக்கையறையில் ஒரு சுவருக்கு மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். "பசங்க கிறுக்கிவிட்டார்கள், அதான்" என்றார் வீட்டுக்காரர். எங்கள் வீட்டிலும் கிறுக்கும் வயதில் ஒன்று இருந்தது, சிரித்துக்கொண்டே நம்பிவிட்டோம். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை இருக்கிறதே என்று இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

குடிபோன நான்காம் மாதம் அந்தச் சுவரில், தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை, பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. விரலால் அழுத்தினால் பட்டென்று உடைந்து, உள்ளே இருந்த பூச்சு மாவு மாதிரி உதிர்ந்தது. அடியில் வெள்ளை வெளேரென்று உப்பு. கசியும் தண்ணீர் செங்கலிலும் சிமென்ட்டிலும் இருக்கிற உப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. சுவரின் வெளிப்பரப்பில் தண்ணீர் காய்ந்துவிட, உப்பு மட்டும் தங்கிப் படிந்து பூச்சைத் தள்ளிவிடுகிறது. மேலே எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் சில மாதம்தான் தாங்கும். அந்தச் சில மாதத்துக்குள் நாங்கள் பத்திரம் முடித்திருந்தோம். குளியலறைத் தரையையும் சுவரையும் உடைத்து, குழாயை மாற்றி, மறுபடி ஓடு பதித்து முடிக்க ஆறு வாரம் ஆனது. ஒரே குளியலறை இருக்கும் வீட்டில் ஆறு வாரம் என்றால் என்னவென்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அதனால் நான் சொல்வது: வீட்டைப் பார்க்கப் போனால் தண்ணீரைத் தேடுங்கள். குளியலறைக்கும் சமையலறைக்கும் மறுபக்கச் சுவர்களில் புறங்கையை வையுங்கள். ஈரம் ஊறிய சுவர் மற்றதைவிடச் சில்லென்று இருக்கும். குளியலறையின் தூர மூலையில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, அது துவாரத்தை நோக்கி ஓடுகிறதா, அங்கேயே தேங்குகிறதா, வாசலுக்கு வருகிறதா என்று நின்று பாருங்கள். இரண்டு குழாய்களை ஒன்றாகத் திறந்துவிட்டுக் கழிப்பறைத் தொட்டியையும் இழுத்துவிடுங்கள்; அழுத்தமும் தெரியும், கழிவு போகும் வேகமும் தெரியும். அலமாரியையோ கட்டிலையோ நகர்த்திப் பார்க்கலாமா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஒரு தடவையாவது மழை பெய்த மறுநாள் போங்கள், இன்னொரு தடவை ராத்திரி போங்கள். அக்கம்பக்கத்துச் சத்தம், வண்டி நிறுத்தும் சண்டை எல்லாம் காலை வெளிச்சத்தில் தெரியாது.

விரிசல் என்றாலே பயப்பட வேண்டியதில்லை. பூச்சில் முடி மாதிரி ஓடும் கோடுகள் எல்லா வீட்டிலும் உண்டு. கதவு, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, ஒரு முனை குறுகி ஒரு முனை அகன்றிருக்கும் விரிசலும், அதோடு சேர்ந்து இறுக்கிக்கொள்ளும் கதவும் இருந்தால், அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம். அங்கே நாம் நின்று தலையாட்டுவதில் பயனில்லை, கட்டடப் பொறியாளருக்குக் காசு கொடுத்துக் கூட்டிப்போங்கள்.

பத்திர விஷயத்தில் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் விரிவாகப் போகவில்லை. விற்பவர்தான் உரிமையாளரா, கூட்டுப் பங்குதாரர் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்களா, வீட்டின் மேல் கடனோ வழக்கோ வரிப் பாக்கியோ இருக்கிறதா, அனுமதி வாங்கிய வரைபடமும் கட்டியிருப்பதும் ஒன்றுதானா என்று பார்க்க உங்கள் வழக்கறிஞரை நீங்களே வையுங்கள். தரகர் "நம்ம ஆள்தான், அவரே பார்த்துப்பார்" என்று காட்டுகிறவரை வேண்டாம். கடன் கிடைக்காவிட்டாலோ, பத்திரத்தில் வில்லங்கம் தெரிந்தாலோ முன்பணம் திரும்ப வரும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

கடன் பற்றி ஒரே ஒரு கணக்கு. 9 சதவீத வட்டி, 20 வருடம், மாதாமாதம் ஒரே தவணை என்று வைத்துக்கொள்வோம். முதல் தவணையில் ஏறக்குறைய 83 சதவீதம் வட்டிக்கே போகிறது. ஐந்து வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகும் அசலில் கிட்டத்தட்ட 89 சதவீதம் பாக்கி இருக்கும். பாதி அசல் அடைவதற்கு 14 வருடம் ஆகும். நாலைந்து வருடத்தில் வேறு ஊருக்குப் போகும் எண்ணம் இருந்தால் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். கையில் கொஞ்சம் கூடுதல் பணம் வரும்போது ஆரம்ப வருடங்களிலேயே அசலில் கட்டுவதுதான் லாபம். முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

விலைக்கு வருவோம். விற்பவர் சொல்லும் விலையைக் கேட்பதற்கு முன்னால், அக்கம்பக்கத்தில் அண்மையில் கைமாறிய வீடுகளை விசாரித்து, உங்கள் மதிப்பை ஒரு தாளில் எழுதி வையுங்கள். 1987இல் நார்த்கிராஃப்ட், நீல் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே வீட்டை மாணவர்களுக்கும் அனுபவமுள்ள தரகர்களுக்கும் காட்டினார்கள், ஆனால் கையில் கொடுத்த குறிப்பில் சொல்லும் விலையை மட்டும் ஆளுக்கு ஆள் மாற்றினார்கள். உயர்ந்த விலையைப் பார்த்தவர்கள் வீட்டின் மதிப்பையும் உயர்த்திச் சொன்னார்கள், தரகர்கள் உட்பட. தரகர்களில் பெரும்பாலானவர்கள் அந்த விலையைக் கண்டுகொள்ளவில்லை என்று சாதித்தார்களாம். தொழில்காரர்களுக்கே இந்தக் கதி.

விற்கும்போது தரகர் "இந்த விலைக்கு மேல் போகாது, முடித்துவிடுங்கள்" என்று அவசரப்படுத்தினால் ஒரு வாரம் மூச்சு விடுங்கள். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. விலை 3 சதவீதம் கூடினால் உங்களுக்கு அது பெரிய தொகை, அவருடைய கமிஷனில் அது தூசு. லெவிட், சைவர்சன் என்ற பொருளாதார அறிஞர்கள் சிகாகோ வட்டாரத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை அலசி 2008இல் வெளியிட்ட ஆய்வில், தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது சராசரியாக ஒன்பதரை நாள் கூடுதலாகக் காத்திருந்து 3.7 சதவீதம் அதிக விலை வாங்கியதாகத் தெரிந்தது. அதற்காக விலையை வானத்தில் ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாலும் ஆகாது. மாதக்கணக்கில் விலை போகாத வீட்டைப் பார்த்தால் எல்லோருக்கும் "இதில் என்ன கோளாறோ" என்றுதான் தோன்றும்.

எங்கள் முறை வந்தபோது, அந்தச் சுவரைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுவது என்று மனைவி முடிவு செய்தாள். எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான். வேலை நடந்தபோது எடுத்த படங்கள், குழாய் வாங்கிய ரசீது எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வைத்தோம். நான்காவதாக வந்தவர்கள் ஒரு கணவன், மனைவி, கூட அவருடைய வயதான அம்மா. அந்த அம்மா வரவேற்பறையை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராகக் குளியலறைக்குப் போனார், ஒரு குவளைத் தண்ணீரை மூலையில் ஊற்றினார், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று பார்த்தார். அப்புறம் படுக்கையறைக்கு வந்து அதே சுவரில் புறங்கையை வைத்தார்.

"அங்க ஓடு நிறம் கொஞ்சம் மாறியிருக்கு. எப்ப உடைச்சுக் கட்டினீங்க?" என்றார்.

கோப்பை நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, எனக்கு நீளமாகத் தோன்றியது. கோப்பை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, மகன் பக்கம் திரும்பி, "சரி, நீ உட்கார்ந்து விலையைப் பேசு" என்றவர், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு எந்தப் பக்கம் படி என்று என் மனைவியிடம் கேட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.