ஐந்து மாதமாகத் தோற்கிறேன், எப்படித் தாங்குவது?

கேள்வி: அன்புள்ள அம்மா, எனக்கு வயது 31. கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவில் வேலை. சம்பளம் 52,000 ரூபாய். 2022-லிருந்து ஆன்லைன் போக்கர் ஆடுகிறேன். கண்மூடித்தனமாக ஆடுகிறவன் இல்லை. வீடியோ பார்த்து, கணக்குப் படித்து ஆடினேன். மூன்று வருடத்தில் ஒன்றரை லட்சம் லாபம். 2025 ஆகஸ்டில் ஆன்லைன் பண ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டம் வந்து பழைய ஆப் நின்றதும், டெலிகிராமில் ஓர் ஏஜென்ட் மூலம் வெளிநாட்டு ஆப்புக்குப் போனேன். தினமும் ராத்திரி 11 மணிக்கு மேல் இரண்டு டேபிள். ஐந்து மாதமாகத் தொடர்ந்து தோல்வி. 25-50 டேபிளில் (கட்டாயப் பந்தயம் 25, 50 ரூபாய்) இருந்தவன், விட்டதைப் பிடிக்கக் கடைசி மாதம் 50-100-க்கு ஏறினேன். ஒரே வாரத்தில் மூன்று முறை, கையில் ஏஸ் ஜோடி இருந்தும் கிங் ஜோடியிடம் தோற்றேன். மொத்தம் 3,80,000 போய்விட்டது. சேமிப்பு 80,000, கிரெடிட் கார்டு 90,000, லோன் ஆப் 60,000, மனைவிக்குத் தெரியாமல் அடகு வைத்த அவளுடைய நாலு பவுன் சங்கிலி மேல் 1,50,000. சித்திரையில் மச்சினன் கல்யாணம், சங்கிலியைக் கேட்பாள். சில ராத்திரி, விடியாமலே போனால் நல்லது என்று தோன்றுகிறது. ஆப்பில் 9,000 மீதி இருக்கிறது. இந்தக் கெட்ட நேரம் முடியும்வரை மனசைத் திடமாக வைத்துக்கொள்ள வழி சொல்லுங்கள்.

- பெயர் வேண்டாம், கோவை

பதில்: தம்பி, விடியாமலே போனால் நல்லது என்று ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த வரியில் 9,000 ரூபாய்க்குப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் முதலில் கண்ணில் பட்டது. இதைப் படித்ததும் 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசு நடத்தும் மனநல உதவி எண், இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழில் பேசுவார்கள், கட்டணம் கிடையாது. கடன், ஆட்டம் என்று எதையும் விளக்க வேண்டியதில்லை. அந்த எண்ணம் வருகிறது என்பதை மட்டும் சொன்னால் போதும்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். நான் முப்பது வருடம் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவள். உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தேன்.

ஏஸ் ஜோடிக்கும் கிங் ஜோடிக்கும் மோதல் என்றால், நூற்றுக்கு 82 தடவை ஏஸ்தான் ஜெயிக்கும். தொடர்ந்து மூன்று முறை தோற்பது ஏறக்குறைய 170-ல் ஒன்று. வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் ஆயிரக்கணக்கானவர்கள் ஆடும் இடத்தில் இது தினமும் யாருக்காவது நடக்கும். நான் கேட்க நினைப்பது வேறு. அந்த மூன்று கைகளில், அதாவது மூன்று ஆட்டச் சுற்றுகளில், எவ்வளவு போயிருக்கும்? 25-50 டேபிளில் முழுதாக, அதாவது பெரிய பிளைண்ட் எனும் 50 ரூபாய்க் கட்டாயப் பந்தயத்தைப்போல் நூறு மடங்கோடு, உட்கார்ந்தாலே கைக்கு 5,000. மூன்றுக்கும் 15,000. 50-100 டேபிள் என்றாலும் 30,000. மீதி மூன்றரை லட்சம் எங்கே போனது, தம்பி? அந்தக் கைகள் ஒன்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை. ஒரு மணிக்கு, ஒன்றரை மணிக்கு, போட்டிருக்கக் கூடாது என்று தெரிந்தே பணத்தைத் தள்ளிய கைகள் அவை. அவை உங்கள் நினைவிலும் நிற்காது.

‘கெட்ட நேரம்’ என்கிறீர்களே, அதையும் கணக்குப் போட்டேன். இரண்டு டேபிள், ராத்திரிக்கு இரண்டரை மணி நேரம், ஐந்து மாதம் என்றால் சுமார் 40,000 கைகள். நன்றாக ஆடுபவர், அதாவது நூறு கைக்கு ஐந்து பெரிய பிளைண்ட் லாபம் பார்ப்பவர்கூட, 10,000 கை முடிந்த பிறகு நட்டத்தில் நிற்கப் பத்துக்கு மூன்று வாய்ப்பு உண்டு. 40,000 கைக்குப் பிறகும் ஏழெட்டில் ஒன்று உண்டு. அதனால் ஐந்து மாதத் தோல்வி என்பதை மட்டும் வைத்து உங்களை மோசமான ஆட்டக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். தோற்ற தொகைதான் வேறு கதை சொல்கிறது. உங்களுக்குச் சாதகமாக எல்லாவற்றையும் 50-100 டேபிளிலேயே தோற்றதாக வைத்தாலும் 3,800 பெரிய பிளைண்ட். அப்படிப்பட்ட நல்ல ஆட்டக்காரர் வெறும் துரதிர்ஷ்டத்தால் இவ்வளவு விட, ஆயிரத்தில் ஒரு வாய்ப்புகூட இல்லை. லாபமும் நட்டமும் இல்லாமல் சமமாக ஆடுபவருக்கே நூறில் இரண்டுதான்.

பழைய ஆப்பில் ஜெயித்தது பொய்யா? பொய் இல்லை. ஆனால் அந்த லாபம் அந்த மேஜையோடு முடிந்தது. அங்கே உங்களுக்கு எதிரே இருந்தவர்களில் பாதிப் பேர் பொழுதுபோக்குக்கு வந்தவர்களாக இருந்திருப்பார்கள். தடை வந்ததும் அவர்கள் விலகியிருப்பார்கள். ஏஜென்ட்டைத் தேடிப் பிடித்து வெளிநாட்டு ஆப்புக்குள் வருபவர்கள் விடாப்பிடியானவர்கள். எதிரே இருப்பது ஆளா இயந்திரமா, இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்து ஆடுகிறார்களா என்று பார்க்க அங்கே யாரும் இல்லை. ஒவ்வொரு கையிலும் நடுவில் சேரும் பந்தயப் பணத்திலிருந்து ரேக் என்று ஒரு பங்கை ஆப் எடுத்துக்கொள்ளும். நீங்கள் ஜெயித்தாலும் தோற்றாலும் அதற்கு வரவு.

தூக்கம் கெட்ட கண்ணோடு ஆடுவதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண ஆட்டங்களுக்குள் நுழையக் கூடாது என்று தமிழ்நாட்டில் 2025-ல் விதி வந்தது. நிறுவனங்கள் எதிர்த்து வழக்குப் போட்டன. சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஜூனில் விதி செல்லும் என்றது. நீங்கள் தோற்ற நேரம் பெரும்பாலும் அந்த நேரம்தான்.

அதனால், இந்த நேரம் முடியும்வரை தாக்குப்பிடிக்க வழி என்று நான் எதையும் தரப்போவதில்லை. முடியும் என்று காத்திருப்பதுதான் உங்களை 25-50-லிருந்து 50-100-க்கு ஏற்றியது. சீட்டுக்கு நேற்று நீங்கள் தோற்றது தெரியாது. அடுத்த கையில் உங்களுக்குத் திருப்பித் தர வேண்டிய பாக்கி எதுவும் அதனிடம் இல்லை. ஆடுவதை நிறுத்துங்கள். கொஞ்ச நாள் இடைவெளி என்று சொல்லவில்லை.

அந்த 9,000-ஐயும் விட்டுவிடுங்கள். எடுத்தால் அது யாரோ முகம் தெரியாதவர் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு வரும். அது எங்கோ மோசடியில் போன பணமாக இருந்தால், போலீஸ் உங்கள் சம்பளக் கணக்கை முடக்கலாம். 9,000-க்காக 52,000-ஐ அடைத்துக்கொள்ளாதீர்கள். ஆப்பையும் டெலிகிராம் குழுவையும் இன்றே நீக்குங்கள். வங்கி ஆப்பில் யுபிஐ வரம்பைக் குறையுங்கள், கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்துவிடுங்கள். கை பரபரக்கும் ராத்திரிகளில் இந்தச் சின்னத் தடைகள் பத்து நிமிடம் வாங்கித் தரும். பல நேரம் அந்தப் பத்து நிமிடமே போதும்.

சட்டத்தை நினைத்து பயந்து யாரிடமும் சொல்லாமல் இருக்க வேண்டாம். 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்த சட்டத்தில் தண்டனை, ஆட்டத்தை நடத்துபவருக்கும் விளம்பரம் செய்பவருக்கும் பணத்தைக் கைமாற்றுபவருக்கும்தான், ஆடியவருக்கு இல்லை. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போய் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். விட்டதைப் பிடிக்கத் துடிக்கும் இந்தத் துடிப்பை, 2013-லேயே அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் குடிப்பழக்கத்தோடு ஒரே வகையில் சேர்த்துவிட்டது. குடித்தால் டாக்டரிடம் போகிறோம், இதற்கும் போகலாம்.

கடனில் முதலில் லோன் ஆப், பிறகு கார்டு. இரண்டும்தான் வட்டி தின்னும். நகைக் கடனுக்கு வட்டியை மட்டும் தவறாமல் கட்டி, ஏலத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லோன் ஆப்காரர்கள் உங்கள் போனில் உள்ளவர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பி மிரட்டினால் சைபர் குற்ற உதவி எண் 1930-ல் புகார் கொடுங்கள். புது ஆப்பில் வாங்கிப் பழைய ஆப்பை அடைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். சங்கிலி சித்திரைக்குள் வராது. அது இல்லாமல்தான் கல்யாணத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

மனைவியிடம் சொல்லாமல் இதில் எதுவும் நடக்காது. என் அண்ணன் கிளப்பில் சீட்டாடிக் கடன்பட்டான். வட்டிக்காரர் வாசலில் வந்து நின்ற அன்றுதான் அண்ணிக்கு விஷயம் தெரிந்தது. பணம் போனதை நாலைந்து வருடத்தில் அண்ணி மறந்துவிட்டார். வேற்று ஆள் வாயால் கேட்டதை இருபது வருடம் கழித்தும் என்னிடம் சொல்லி அழுதார். உங்கள் மனைவி கோபப்படுவார், அழுவார், அம்மா வீட்டுக்கும் போகலாம். அதற்கெல்லாம் அவருக்கு உரிமை இருக்கிறது, குறுக்கே பேசாதீர்கள். ‘திருப்பி ஜெயித்துவிடுவேன்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தனியாகச் சொல்லத் தைரியம் வரவில்லை என்றால், அவர் மதிக்கிற பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே சொல்லுங்கள். மொத்தத் தொகையை ஒரு தாளில் எழுதுங்கள், ஒரு ரூபாய்கூட மறைக்காமல். சங்கிலி எங்கே என்று அவர் கேட்கும் வரை காத்திருக்காமல், அந்த அடகு ரசீதை நீங்களே எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் பேச ஆரம்பியுங்கள்.