“நீ தைரியசாலி” என்றேன், அவள் முகம் வாடிவிட்டது

கேள்வி: அட்லாண்டாவில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். இங்கே வந்த புதிதில் எனக்கு வேலையையும் ஊரையும் பழக்கிவிட்டவள் என்னோடு வேலை செய்யும் கறுப்பினத் தோழி. வயது 38. இரண்டு பிள்ளைகள், சர்க்கரை நோயாளியான அம்மா, தம்பியின் கடன் எல்லாம் அவள் தலையில். சில மாதங்களாகத் தூக்கமில்லை, தலைவலி, தொட்டதற்கெல்லாம் எரிச்சல். ஷிஃப்டுக்கு வந்தால் காரை நிறுத்திவிட்டு இருபது நிமிடம் இறங்காமல் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு தெரபிஸ்டிடம் ஒரே தடவை போனாள். “கறுப்புப் பெண்ணாக இருப்பது என்னவென்று அவருக்குப் பாடம் எடுத்தே ஒரு மணி நேரம் போச்சு” என்றாள். அம்மா ஜெபம் பண்ணச் சொல்கிறார். நான், “நீ தைரியசாலி, இதையும் தாங்கிடுவே” என்றேன். முகம் வாடிவிட்டது. என்ன தப்பாகச் சொன்னேன்?
— ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அந்த இருபது நிமிடம் உங்கள் கண்ணில் பட்டதே, அதுவே பெரிய விஷயம். அவளைச் சுற்றி இருப்பவர்களில் எத்தனை பேர் அதைக் கவனித்திருப்பார்கள்?

நீங்கள் நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். ஆனால் அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் சின்ன வயதிலிருந்து கேட்டுக் களைத்துப்போன சொல் அது. கேட்க பாராட்டு மாதிரி இருக்கும். உள்ளே ஓர் உத்தரவு இருக்கும்: அழாதே, உதவி கேட்காதே, எல்லோரையும் பார்த்துக்கொள், மிச்சம் இருந்தால் உன்னைப் பார். ஷெரில் வுட்ஸ் ஜிஸ்கோம்பே என்ற ஆய்வாளர், அவரும் நர்சிங் துறைக்காரர்தான், கறுப்பினப் பெண்களிடமே பேசிக் கேட்டு 2010இல் இதை எழுதினார். ‘சூப்பர்வுமன் ஸ்கீமா’ என்று பெயர் வைத்தார். அப்படித் தாங்கிக்கொண்டே இருப்பதற்கு உடம்பு விலை கொடுக்கிறது. இனப் பாகுபாட்டோடு வாழும் ஓயாத நெருக்கடி உடம்பை வயதுக்கு முன்பே தேய்த்துவிடுகிறது என்று பொதுச் சுகாதார ஆய்வாளர் ஆர்லின் ஜெரோனிமஸ் 1992இலேயே சொன்னார். மழையிலும் வெயிலிலும் சுவர் அரிபடுவதைச் சொல்லும் ‘வெதரிங்’ என்ற சொல்லைத்தான் அதற்கு எடுத்துக்கொண்டார்.

மனச்சோர்வு என்றால் அழுதுகொண்டு படுத்திருப்பது என்று நினைத்துவிடுகிறோம். உங்கள் தோழியைப் போல எரிச்சலாகவும் தலைவலியாகவும் அது வரலாம். அங்கேதான் இன்னொரு கொடுமை. கறுப்பினப் பெண் கொஞ்சம் குரல் உயர்த்தினால் ‘கோபக்காரி’ என்று முத்திரை குத்த ஆள் தயாராக இருக்கிறது. அதனால் நோய்க்குறி குணக்கேடாகப் பார்க்கப்படுகிறது.

அவள் அந்தத் தெரபிஸ்டிடம் திரும்பப் போகாததில் எனக்கு ஆச்சரியமில்லை. அடிமை முறை இருந்த காலத்தில், 1851இல், லூசியானாவின் மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட் ஒரு மனநோயைக் ‘கண்டுபிடித்தார்’. பெயர் ‘ட்ராபெட்டோமேனியா’. நோயின் அறிகுறி என்ன தெரியுமா? அடிமைகள் தப்பி ஓடுவது! அதற்கு அவர் சொன்ன வைத்தியத்தில் சவுக்கடியும் உண்டு. விடுதலை வேண்டும் என்பதையே பைத்தியம் என்று எழுதிவைத்த மருத்துவத்தை அந்தச் சமூகம் எளிதில் நம்பிவிடாது. வீட்டில் யாரும் இந்தக் கதையை உட்கார்ந்து சொல்லித்தராவிட்டாலும், ‘நம் விஷயம் வெளியே போகக்கூடாது’ என்ற எச்சரிக்கை மட்டும் தலைமுறை தாண்டி வந்துவிடுகிறது. அவள் அம்மா ஜெபம் பண்ணச் சொல்வதையும் குறைவாக நினைக்காதீர்கள். வேறு எந்தக் கதவும் திறக்காத காலத்தில் அவர்களுக்கென்று இருந்த இடம் சர்ச்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் செவ்வாய்க்கிழமை தெரபிக்கும் ஒருத்தி தாராளமாகப் போகலாம்.

சரி, தெரபிக்கு எங்கே போவது? உங்கள் ஊரிலேயே வழி இருக்கிறது. அட்லாண்டாவைச் சேர்ந்த சைக்காலஜிஸ்ட் ஜாய் ஹார்டன் பிராட்ஃபோர்ட் 2014இல் தொடங்கிய ‘தெரபி ஃபார் பிளாக் கேர்ள்ஸ்’ தளத்தில் தெரபிஸ்டுகளின் பட்டியல் உண்டு. அமெரிக்க சைக்காலஜிஸ்டுகளில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுதான் என்பதால் காத்திருக்க வேண்டி வரலாம். லைசென்ஸ் பெற்ற கவுன்சிலர்களையும் சோஷியல் வொர்க்கர்களையும் சேர்த்துத் தேடட்டும். ஜார்ஜியா லைசென்ஸ் இருந்தால் அந்த மாநிலத்தின் எந்த மூலையில் இருப்பவரும் வீடியோவில் பார்க்கலாம். பல தெரபிஸ்டுகள் முதலில் பத்துப் பதினைந்து நிமிடம் இலவசமாகப் போனில் பேசுவார்கள். “கறுப்பினப் பெண்களோடு வேலை செய்திருக்கிறீர்களா?” என்று அவள் அப்போதே நேராகக் கேட்கலாம். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்தவரைப் பார்க்கலாம். காசு இடித்தால், வருமானத்துக்கு ஏற்பக் கட்டணத்தைக் குறைப்பீர்களா என்று கேட்கட்டும்; கேட்பது அங்கே வழக்கம்தான். கறுப்பினப் பெண்களின் தெரபி செலவுக்கு உதவும் ‘லவ்லேண்ட் ஃபவுண்டேஷன்’ இருக்கிறது. உங்கள் மருத்துவமனையில் ஊழியர் நலத் திட்டம் இருந்தால், அதில் சில இலவச ஆலோசனைகள் இருக்கலாம். அதை நீங்களே ஹெச்.ஆரில் பொதுவாக விசாரியுங்கள், அவள் பெயரை எடுக்காமல்.

உங்கள் பங்குக்கு வருகிறேன். “ஏதாவது வேணும்னா சொல்லு” என்று மட்டும் சொல்லாதீர்கள். என்ன வேண்டும் என்று யோசிக்கும் வேலையும் அவள் தலையில் விழும். “வியாழக்கிழமை உன் ஷிஃப்டை நான் எடுத்துக்கிறேன், நீ அந்த அப்பாயின்ட்மென்ட்டுக்குப் போயிட்டு வா” என்று நாளோடு சொல்லுங்கள். பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை உங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்; அவள் தூங்கட்டும். அவளுக்கு இப்போது வேண்டிய செல்ஃப் கேர் அந்தத் தூக்கம்தான். தம்பியின் கடனை இனி யார் கட்டுவது என்பதை அவள் தெரபியில் பேசிக்கொள்வாள், அதில் நீங்கள் தலையிட வேண்டாம்.

ஒன்றே ஒன்று. வாழப் பிடிக்கவில்லை என்பது போல அவள் எப்போதாவது பேசினால், “சாகணும்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தற்கொலை எண்ணம் வந்தால் உதவி தரும் 988 எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம், மெசேஜும் அனுப்பலாம். ஆபத்து உடனடியானது என்று பட்டால் அவளைத் தனியே விடாமல் 911ஐக் கூப்பிடுங்கள்.

நாளைக்கே அந்தக் கார் பக்கம் போங்கள். கண்ணாடியைத் தட்ட வேண்டாம். உள்ளே வரலாமா என்று மெசேஜில் கேளுங்கள். வரச் சொன்னால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, “அன்னிக்கு நான் சொன்னது சரியில்லை. நீ இதையெல்லாம் தாங்கித்தான் ஆகணும்னு இல்லை” என்று சொல்லுங்கள். அப்புறம் அவள் பேசுகிற வரைக்கும் நீங்கள் பேசாதீர்கள். வேண்டாம் என்றால் காபி வாங்கி வைத்திருங்கள், மறுநாளும் கேளுங்கள்.