சாட்ஜிபிடி ஏன் எங்கள் பெயரைச் சொல்வதில்லை?

கேள்வி: நான் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் அட்மிஷன் பிரிவில் இருக்கிறேன். 'கோவைப் பக்கம் டேட்டா சயின்ஸ் படிக்க நல்ல இடம் எது' என்று பிள்ளைகள் சாட்ஜிபிடியிடம் கேட்டால் எங்கள் பெயர் வருவதே இல்லை. முதலிடத்தில் வரவைப்பதாகச் சொல்லி ஒரு நிறுவனம் பெரிய தொகை கேட்கிறது. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அங்கே முதலிடம் என்று நிலையாக எதுவும் கிடையாது. ஒரே கேள்வியைக் காலையிலும் மாலையிலும் கேட்டாலே பட்டியல் மாறலாம். அந்தப் பணத்தில் முதலில் வலைத்தளத்தைச் சரிசெய்யுங்கள்.

கட்டணம், பாடத்திட்டம், ப்ளேஸ்மெண்ட் இருக்கும் பக்கங்களைத் திறந்து எழுத்தை நகலெடுத்துப் பாருங்கள். நகலெடுக்க வரவில்லையா? அது படம், அல்லது ஸ்கேன் செய்த பிடிஎஃப். (நம் ஊரில் நாக் (NAAC) தரச் சான்றிதழ்கூடப் புகைப்படமாகத்தான் தொங்கும்.) வந்தாலும் போதாது. பக்கம் திறந்த பின் பிரௌசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் கொண்டுவரும் எழுத்தை, தளங்களைத் தானாகப் படித்துச் செல்லும் ஏஐ பாட்கள் பல படிப்பதில்லை. பிரௌசரில் ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டுப் பாருங்கள். மிஞ்சுவது எதுவோ, அந்த பாட்களுக்குத் தெரியும் உங்கள் பல்கலை அவ்வளவுதான்.

எந்த பாட் தளத்துக்குள் வரலாம், வரக்கூடாது என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பையும் (robots.txt) ஐடி பிரிவிடம் கேளுங்கள். சாட்ஜிபிடியின் நிறுவனமான ஓப்பன்ஏஐ 2023-இல் தன் ஜிபிடிபாட்டை அறிவித்ததும் ஏஐ பாட்கள் எல்லாவற்றுக்கும் கதவைச் சாத்தியவர்கள் உண்டு. ஜிபிடிபாட் ஏஐ மாதிரிகளின் பயிற்சிக்கானது, தேடல் பதிலுக்கு வருவது ஓஏஐ-சர்ச்பாட். முன்னதைத் தடுப்பது உங்கள் விருப்பம். பின்னதைத் தடுத்துவிட்டு, பெயர் வரவில்லை என்று வருந்திப் பயனில்லை.

உங்களைப் போன்றோருக்குப் பெயரே ஒரு சிக்கல். பெயரோடு 'பல்கலைக்கழகம்' என்று போடக்கூடாது என்று 2017-இல் யுஜிசி சொன்ன பிறகு, பழைய பெயர், புதிய பெயர், சுருக்கப் பெயர் என்று மூன்றும் இணையத்தில் உலவுகின்றன. இயந்திரத்துக்கு அவை மூன்று நிறுவனங்களாகத் தெரியலாம். தளம், கூகுள் மேப், லிங்க்டின் எல்லாவற்றிலும் ஒரே பெயரை வையுங்கள். பழைய பெயரை 'எங்களைப் பற்றி' பக்கத்தில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. மத்திய அரசின் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப்-க்கு நீங்கள் அனுப்பிய தரவில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, இடைநிலை (மீடியன்) ஊதியம் எவ்வளவு என்பதெல்லாம் இருக்கும். முகப்பு பேனரோ '100% ப்ளேஸ்மெண்ட்' என்கிறது. இரண்டையும் படிக்கும் இயந்திரம் பேனரை நம்ப வேண்டிய அவசியமில்லை. அந்தத் தரவையே துறைவாரியாக, ஆண்டு போட்டு, சாதாரண எழுத்தில் வெளியிடுங்கள். பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் உள்ளிட்டோர் 2023-இல் வெளியிட்ட ஆய்விலும் புள்ளிவிவரம், மேற்கோள், ஆதாரம் சேர்த்த பக்கங்களே ஏஐ பதில்களில் கூடுதலாக இடம்பெற்றன. 'சிறந்த பல்கலை' என்று திரும்பத் திரும்பத் திணிப்பது போன்ற பழைய வித்தை பலிக்கவில்லை.

விக்கிப்பீடியாவில் உங்கள் ஆட்களே புகழ்ந்து எழுத வேண்டாம்; நீக்கிவிடுவார்கள்.

மாதம் ஒருமுறை, பெற்றோர் கேட்கும் இருபது கேள்விகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் புது உரையாடலில் கேளுங்கள். பதிலுக்குக் கீழே எந்தத் தளங்களின் இணைப்பு வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அங்கே உங்களைப் பற்றிப் பழைய கட்டணமோ மூடிய படிப்போ இருந்தால், திருத்தச் சொல்லி அவர்களுக்கு எழுதுங்கள்.