எஸ்போசித்தோ என்றொரு இத்தாலியக் குடும்பப்பெயர்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

இத்தாலியக் குடும்பப்பெயர்களைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஃபெர்ராரி, ரோஸ்ஸி பற்றித்தான் வரும் என்று பார்த்தால், பெரும்பாலான கேள்விகள் எஸ்போசித்தோவையே சுற்றின. சரி, இந்த முறை அதையும் அதன் பங்காளிப் பெயர்களையும் பார்த்துவிடலாம்.

டொராண்டோவிலிருந்து ஒரு ஹாக்கி ரசிகர்: அண்ணா, ஃபில் எஸ்போசிட்டோ பெயரை இங்கே எல்லாரும் "எஸ்பொஸீட்டோ" என்கிறார்கள். நீங்கள் எஸ்போசித்தோ என்று எழுதுகிறீர்கள். எது சரி?

இத்தாலியில் அழுத்தம் "போ"வில் விழும். அவர்களுடைய "த்" நம்முடையதைப் போல நாக்கு பல்லில் படும் ஒலி, அதனால் "ட்டோ"வை விட "த்தோ" கிட்டத்தில் வருகிறது. வட அமெரிக்காவில் அழுத்தம் அடுத்த அசைக்கு நகர்ந்துவிட்டது. குடியேறியவர்களின் பெயருக்கு இது வழக்கமாக நேர்வதுதான். ஒரே பருவத்தில் 100 புள்ளிகளைத் தொட்ட முதல் தேசிய ஹாக்கி லீக் வீரர் அவர் (1968-69). அவரை அங்கே அழைக்கிற மாதிரியே நீங்களும் அழையுங்கள், தப்பில்லை.

மதுரை வாசகி: அகராதியில் தேடினால் "காட்சிக்கு வைத்தல்" என்ற பொருளுள்ள வினைச்சொல்லில் போய் நிற்கிறது. ஓவியக் கண்காட்சி நடத்திய பரம்பரையா?

வினைச்சொல் அதுதான், விஷயம் வேறு. லத்தீனில் "எக்ஸ்போசித்துஸ்" என்றால் வெளியே வைக்கப்பட்டவன். கோயில் படியிலோ ஆசிரம வாசலிலோ விட்டுச் செல்லப்பட்ட குழந்தையைப் பதிவேட்டில் அப்படித்தான் எழுதினார்கள். பெற்றோர் பெயர் தெரியாததால் அந்தச் சொல்லே குடும்பப்பெயராக ஒட்டிக்கொண்டது.

நேப்பிள்சில் இதன் மையம் அனுன்சியாத்தா என்ற நிறுவனம். தேவாலயம், மருத்துவமனை, அனாதைக் குழந்தைகளுக்கான இல்லம் மூன்றும் சேர்ந்த வளாகம். 14-ஆம் நூற்றாண்டில் தோன்றியது. ஃபோர்ச்செல்லா பகுதியில், தெருவைப் பார்த்த சுவரில், ஒரு குழந்தை நுழைகிற அளவுக்கு ஒரு துளை. அதன் பின்னால் நின்றவாக்கில் சுழலும் மர உருளை. இதற்குப் பெயர் "ரூவோத்தா", அதாவது சக்கரம். நேப்பிள்ஸ் பேச்சில் "ரோத்தா". வெளியே இருப்பவர் குழந்தையை உருளைக்குள் வைத்துத் தள்ளுவார், அது சுற்றி உள்ளே திரும்பும். உள்ளே இரவும் பகலும் ஒரு பெண் காவல் இருப்பாள். வைத்தவர் முகத்தை அவள் பார்க்க முடியாது, அவள் முகத்தை வைத்தவரும் பார்க்க முடியாது.

உள்ளே வந்த குழந்தையைக் கழுவி, ஞானஸ்நானம் கொடுத்து, கழுத்தில் ஈய முத்திரை கட்டுவார்கள். எழுத்தர் பதிவேட்டைத் திறப்பார்: வந்த நேரம், வயது என்ன இருக்கும், என்ன துணியில் சுற்றியிருந்தது, உடம்பில் மச்சமோ தழும்போ உண்டா, கூட ஏதாவது வைத்திருந்தார்களா. அந்தக் கடைசிக் கேள்விக்கு உடைந்த நாணயத்தில் பாதி, கிழித்த புனிதர் படத்தில் பாதி என்று பதில் இருக்கும். மறுபாதி பெற்றவளிடம். என்றைக்காவது திரும்பி வந்தால் பொருத்திப் பார்த்துப் பிள்ளையைக் கேட்கலாம். ஃபுளோரன்சில் இன்னொசெந்தி என்ற அனாதை இல்லத்தின் அருங்காட்சியகத்தில் இப்படிப்பட்ட பாதிப் பொருட்களைச் சின்னச் சின்ன இழுப்பறைகளில் வைத்திருக்கிறார்கள். பல திரும்பக் கேட்கப்படாதவை. இந்தப் பெயரைப் பற்றி எத்தனை படித்தாலும் எனக்கு அந்த இழுப்பறைகள்தான் முதலில் ஞாபகம் வரும்.

சென்னை மாணவர்: இத்தாலியில் எல்லா ஊரிலும் அனாதைக் குழந்தைகள் இருந்திருப்பார்களே. இந்த ஒரு பெயர் மட்டும் ஏன் இவ்வளவு பரவலாக இருக்கிறது?

நல்ல கேள்வி. நாடு முழுவதையும் எடுத்தால் ரோஸ்ஸி, ரூஸ்ஸோ, ஃபெர்ராரி ஆகிய மூன்றுக்கும் அடுத்த இடத்தில் பெரும்பாலும் எஸ்போசித்தோவைத்தான் வைப்பார்கள். நேப்பிள்ஸ் நகரிலும் காம்பானியா மாநிலத்திலும் இதுதான் முதலிடம்.

காரணம், அனுன்சியாத்தா நூற்றாண்டுக் கணக்கில் ஒரே பெயரைப் போட்டது. நேப்பிள்ஸ் அப்போது ஐரோப்பாவின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்று. நகரத்துக் குழந்தைகள் போதாதென்று, தெற்கு ராஜ்ஜியத்தின் மற்ற ஊர்களிலிருந்தும் கூடையில் வைத்துக் கொண்டுவந்தார்கள். வழியிலேயே இறந்தவை ஏராளம். உள்ளே வந்த பிறகும் சாவு விகிதம் பயங்கரமாக இருந்தது. தாக்குப்பிடித்த குழந்தைகளைப் பாலூட்டும் பெண்களிடம், பெரும்பாலும் வெசுவியஸ் எரிமலையைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு, சம்பளம் பேசி அனுப்பினார்கள். பலர் அந்தக் குடும்பங்களிலேயே வளர்ந்து, அங்கேயே கல்யாணம் செய்து, பெயரைப் பரப்பினார்கள். சோரெந்தோ தீபகற்பத்துப் பக்கம் போனால் முன்னால் ஒரு "த" சேர்ந்து தெஸ்போசித்தோ என்று இருக்கும். ஸ்போசித்தோ, எஸ்போஸ்தோ, தெல்யி எஸ்போஸ்தி எல்லாம் இதன் கிளைகள்தான். ஸ்பெயினில் எக்ஸ்போசித்தோ.

ஒன்று கவனியுங்கள்: குடும்பப்பெயர் தகப்பன் வழியாக இறங்கியது. ஆக இன்றைக்கு இருக்கும் எஸ்போசித்தோக்கள் பெரும்பாலும் பிழைத்த பையன்களின் வழி. பிழைத்த பெண்களுக்கும் சந்ததி உண்டு, ஆனால் அது வேறு பெயர்களுக்குள் கரைந்துபோனது.

பெங்களூருவிலிருந்து: அப்படியானால் தவறான உறவில் பிறந்தவர்கள்தான் எல்லாரும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. கல்யாணமான தம்பதிகளும் பஞ்சத்தில், பாலில்லாமல், வேலை பறிபோன நேரத்தில் பிள்ளையைச் சக்கரத்தில் வைத்தார்கள். மிலானில் 1860-கள் வாக்கில் நகரில் பிறந்த குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு விடப்பட்டன. அதில் பெரும்பகுதி முறையாகக் கல்யாணமான ஆலைத் தொழிலாளிகளின் பிள்ளைகள். கொஞ்சம் வளர்ந்ததும் வந்து வாங்கிக்கொண்டு போனவர்கள் நிறைய. சில வருஷத்துக்கு அரசு செலவில் வளர்ப்பு என்று அதைப் பயன்படுத்தினார்கள்.

நேப்பிள்சில் ஒரு கதை சொல்வார்கள்: வளர்ந்துவிட்ட பிள்ளைக்கு உடம்பெல்லாம் எண்ணெய் தடவி அந்தத் துளைக்குள் திணித்தார்களாம். உள்ளே போய்விட்டால் "மாதாவின் பிள்ளை". அந்தத் தகுதிக்குச் சலுகைகள் இருந்தன. நடந்ததோ இல்லையோ, பசி எப்படி இருந்தது என்று அந்தக் கதையிலேயே தெரிகிறது.

துபாய் நண்பர்: என்னுடன் வேலை பார்க்கும் எஸ்போசித்தோ ஒருவர் இணையத்தில் பணம் கட்டிக் குலச் சின்னம் வாங்கியிருக்கிறார். சிங்கம், கேடயம் எல்லாம் இருக்கிறது. உண்மையா?

அச்சடித்த காகிதம் உண்மை. சின்னம் என்பது ஒரு குறிப்பிட்ட வம்சத்துக்கு உரியது, பெயருக்கு உரியது அல்ல. எஸ்போசித்தோ விஷயத்தில் இது இன்னும் வேடிக்கை, ஏனென்றால் இந்தப் பெயர்க்காரர்களுக்குள் ரத்த சம்பந்தமே இருக்க வேண்டிய அவசியமில்லை. ஒரே இரவில் சக்கரத்தில் வந்த இரண்டு குழந்தைகளுக்கும் இதே பெயர். போதாக்குறைக்கு, 1948 முதல் இத்தாலியக் குடியரசு பிரபுப் பட்டங்களையே அங்கீகரிப்பதில்லை. நண்பரிடம் சொல்ல வேண்டாம், சுவரில் அழகாக இருந்தால் இருக்கட்டும்.

கோயம்புத்தூர் வாசகர்: ஏனுங்க, எங்கப்பா வெச்சிருந்த லாம்பிரெட்டா ஸ்கூட்டர்ல "இன்னொசென்டி"ன்னு போட்டிருக்கும். நீங்க சொன்ன ஃபுளோரன்ஸ் இல்லத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குங்களா?

பெயரில் இருக்கலாம், ஆளில் இருந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஸ்கூட்டர் கம்பெனியை நிறுவியவர் ஃபெர்தினாந்தோ இன்னொசெந்தி, 1891-ல் டஸ்கனியில் பேஷாவில் பிறந்தவர். ஃபுளோரன்ஸ் இல்லம் "மாசற்றவர்களின் மருத்துவமனை". கட்டடம் புரூனெல்லெஸ்கி வடிவமைத்தது, முகப்பில் துணி சுற்றிய குழந்தைகளை வைத்து அந்திரேயா தெல்லா ரோப்பியா செய்த நீல வட்டச் சிற்பங்கள் இருக்கும். 1445 பிப்ரவரி 5-ல் முதல் குழந்தை வந்தது, பெண், பெயர் அகாத்தா ஸ்மெரால்தா. அங்கே வளர்ந்தவர்களிடமிருந்து இன்னொசெந்தி, தெல்யி இன்னொசெந்தி, நொச்செந்தினி போன்ற பெயர்கள் கிளம்பின. ஆனால் இன்னொசெந்தே என்று ஆளுக்கு வைக்கும் பெயரும் உண்டு, அதிலிருந்தும் இன்னொசெந்தி வரும். பெயரை மட்டும் பார்த்து முடிவு கட்ட முடியாதுங்க.

ரோம் பக்கம் இதே வேலையைச் செய்தது ப்ரொயெத்தி, "எறியப்பட்டவர்" என்று பொருள். எஸ்போசித்தோவை விடக் கொடூரம். சிசிலியில் த்ரொவாத்தோ, "கண்டெடுக்கப்பட்டவன்". ரொமாஞ்ஞா வட்டாரத்தில் காசாதேயி, "கடவுள் வீடு". இவை எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் வறட்சியாகப் படுவது இன்செர்த்தி: பெற்றோர் "நிச்சயமில்லை" என்று எழுதியதே பெயராகிவிட்டது.

வெள்ளவத்தையிலிருந்து: மிலானில் கொலம்போ என்ற பெயரும் இப்படித்தான் வந்தது எண்டு கேள்விப்பட்டன். கொலம்பஸும் அனாதையோ? எங்கட கொழும்புக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கோ?

மிலான் பெரிய மருத்துவமனையின் சின்னம் புறா. புறாவுக்கு இத்தாலியில் "கொலொம்போ". அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். மிலான் வட்டாரத்தில் இது இவ்வளவு அதிகமாக இருப்பதற்கு அது பெரிய காரணம். ஆனால் கொலம்பஸ் ஜெனோவாக்காரர். அப்பா தொமெனிக்கோ கொலொம்போ கம்பளி நெசவாளி, அம்மா யார் என்பதும் தெரியும், அனாதை இல்லை. கொழும்பு வேறு கதை: கொலம்பஸ் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே அரபுமொழிப் பயணி இப்னு பதூதா அந்த ஊரைக் "கலன்பு" என்று எழுதிவிட்டார். எழுத்துக்கூட்டல் போர்த்துக்கீசியர் கைவண்ணம்.

பலேர்மோவில் இருக்கும் தமிழர்: அண்ணை, பிள்ளையின்ர பள்ளிக்கூடத்தில எஸ்போசித்தோ எண்டு ஒருத்தரையும் காணேல்லை. ஏன்?

நீங்கள் சிசிலியில் இருக்கிறீர்கள், அதுதான். அங்கே ரூஸ்ஸோ, மெஸ்ஸீனா, கருஸோ, லொம்பார்தோ என்றுதான் வகுப்பு நிறையும். "லோ", "லா" என்று தொடங்கும் பெயர்களும் நிறையப் பார்ப்பீர்கள். த்ரொவாத்தோ பார்க்க வேண்டுமென்றால் கத்தானியா பக்கம் போங்கள்.

சேலம் வாசகி: இந்தப் பெயர் போடுவது எப்போது நின்றது? சக்கரம் என்ன ஆனது?

நேப்பிள்சை ஆண்ட நெப்போலியனின் மைத்துனர் ஜோவாக்கிம் மூரா (1808-1815) காலத்தில் இந்தப் பெயரைப் போடக் கூடாது என்றானது. அதன் பிறகு எழுத்தர்கள் ஒவ்வொரு குழந்தைக்கும் புதிதாக ஒரு பெயரைக் கற்பனை செய்தார்கள். அனுன்சியாத்தா சக்கரம் 1875-ல் மூடப்பட்டது, ஃபுளோரன்சிலும் அதே ஆண்டு, மிலானில் 1868. மிச்சமிருந்தவற்றுக்கு 1923-ல் சட்டப்படி முற்றுப்புள்ளி. நேப்பிள்ஸ் சுவரில் அந்தத் துளை இன்னும் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

இன்றைய சட்டத்தில், பெற்றோர் தெரியாத குழந்தைக்கு அந்த நிலையைக் காட்டிக்கொடுக்கும் பெயரையோ, அந்த ஊரில் பிரபலமான குடும்பத்தின் பெயரையோ வைக்கக் கூடாது. மருத்துவமனையில் பிரசவித்த தாய் தன் பெயரைப் பதிவு செய்யாமல் போகவும் உரிமை உண்டு. 2022-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் அப்பாவின் குடும்பப்பெயர் மட்டும் தானாக வருவது செல்லாது என்று தீர்ப்பளித்தது. பெற்றோர் இருவரும் வேறு விதமாக ஒத்துக்கொள்ளாவிட்டால் பிள்ளைக்கு இரண்டு பெயரும் வரும்.

அதே வாசகி: இன்றைக்கும் வெட்கப்படுகிறார்களா?

நேப்பிள்சில் பாதி வகுப்புக்கு அந்தப் பெயர் இருக்கும்போது யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது?

திருச்சியிலிருந்து: மார்கரீட்டா பீட்சாவைக் கண்டுபிடித்தவரும் எஸ்போசித்தோவாமே?

ரஃபாயெலே எஸ்போசித்தோ. 1889-ல் ராணி மார்கெரீத்தாவுக்கு மூன்று விதமாகச் செய்து கொடுத்தார், தக்காளி, மொஸரெல்லா, துளசி போட்டது பிடித்துப்போனது என்பது கதை. கடையில் மாட்டியிருக்கும் அரண்மனைக் கடிதத்தை ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். அப்படிப்பட்ட பீட்சா அதற்கு முன்பே இருந்தது. அப்புறம், "பிரேக்கிங் பேட்" தொடரில் கோழிக்கடை முதலாளியாக வந்து மிரட்டிய நடிகர் ஜான்கார்லோ எஸ்போசித்தோவைக் கேட்டவர்களுக்கு: ஆம், அப்பா நேப்பிள்ஸ்காரர்தான். அம்மா அமெரிக்கக் கறுப்பினத்தவர், ஜான்கார்லோ பிறந்தது கோபன்ஹேகனில்.

மெல்போர்ன் வாசகி: என் மாமியார் வீட்டில் ஒரு எஸ்போசித்தோ கொள்ளுத்தாத்தா இருக்கிறார். எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கையில் உள்ள கடைசிச் சான்றிதழிலிருந்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போங்கள், பெயரில் தேடாதீர்கள், மூச்சுமுட்டிவிடும். ஊரும் பிறந்த தேதியும் வேண்டும். தெற்கு இத்தாலியில் அரசுப் பதிவு 1809 வாக்கில் தொடங்குகிறது. "அந்தெனாத்தி" என்ற அரசு ஆவணக் காப்பகத் தளத்தில் பெரும்பகுதி இலவசமாகக் கிடைக்கும். அதற்கு முன்னால் பங்குக் கோயில் ஏடுகள், 1563-ல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் கட்டாயமாக்கியது முதல்.

19-ஆம் நூற்றாண்டுப் பிறப்புப் பதிவில் "ப்ரொயெத்தோ" என்ற சொல்லைப் பார்த்தால் அந்தக் குழந்தையே விடப்பட்டது என்று பொருள். கொள்ளுத்தாத்தாவின் அப்பா, தாத்தா பெயர்களும் எஸ்போசித்தோ என்றே இருந்தால் பிரச்சினையில்லை, அவர் சாதாரணமாகப் பிறந்தவர், கதை இன்னும் பின்னால் இருக்கிறது. மூராவுக்கு முந்தைய காலத்தில் நேப்பிள்சில் போய் நின்றால் அடுத்த இடம் அனுன்சியாத்தாவின் பழைய ஏடுகள். அங்கே அம்மா பெயர் கிடைக்காது. ஆனால் எந்த நாள், எந்த நேரம் வந்தது, என்ன துணியில் சுற்றியிருந்தது என்பது கிடைக்க வாய்ப்பிருக்கிறது. தேதி தெரியாமல் கேட்டு எழுதாதீர்கள், அந்த ஏடுகள் நாள்வாரியாக எழுதப்பட்டவை.